மினோவின் உதடு

எங்கள் மில்லில் தறிக்கூடத்துக்குள் வேலைக்குப் போனவர்களுக்கு முதலில் காதுதான் போகும். நுரையீரல், முதுகு, முழங்கால் எல்லாம் அப்புறம்.

கருங்கல் சுவர். ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு ஜன்னல்கள். ஆனால் ஒன்றையும் திறக்க விடமாட்டார்கள், வறண்ட காற்று பட்டால் நூல் அறுந்துபோகும் என்று. உள்ளே வரிசை வரிசையாகத் தறிகள். ஒவ்வொன்றிலும் ஊடுநூலைச் சுமந்த நாடாக்கட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டே கிடக்கும். பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எல்லாருக்கும் உதட்டுப் பேச்சு வந்துவிடும். குரலே எடுக்காமல் உதட்டையும் கன்னத்தையும் நன்றாக அசைத்துச் சொன்னால் நாலு தறி தள்ளி நிற்பவளுக்குப் புரிந்துவிடும். யார் வீட்டில் கருவாடு, யாருக்கு மூன்றாவது மாசம், சூப்பர்வைசர் கால்சட்டை பின்னால் எங்கே கிழிந்திருக்கிறது, எல்லாம் அப்படித்தான் கூடம் முழுக்கச் சுற்றும். சூப்பர்வைசர் இங்கிலீஷ்காரன். அவன் முகத்துக்கு நேராகவே அவனை வைது சிரிப்போம். ஏதோ செபம் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

இடலினாக்காவும் மினோ அண்ணனும் காதலித்தது அந்தக் கூடத்தில்தான். அக்கா நெசவு. அண்ணன் தறி ஃபிட்டர். முழுப்பெயர் பெலார்மினோ, அப்படிக் கூப்பிட அவருடைய அம்மா ஒருத்திதான் இருந்தாள், அவளும் நாங்களெல்லாம் கப்பலேறி விட்டுவந்த சான் மிகேல் தீவிலேயே செத்துப்போனாள். அக்காவின் தறி நல்லாத்தான் ஓடும். ஆனாலும் அண்ணன் வந்து வந்து பார்ப்பார். எண்ணெய் போடுகிற சாக்கில் நிமிர்ந்து, "சாயங்காலம் ஆத்தங்கரைக்கு வருவியா?" என்று உதட்டால் கேட்டார். அக்கா அறுந்த பாவு நூலை முடிந்துகொண்டே, "ஒதேத்தைக் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்" என்றாள். ஒதேத் என்பது நான். அவளுக்குப் பக்கத்துத் தறி.

கூடவே போனேன். டான்டன் ஆற்றங்கரையில் ஒரு பழைய படகின் மேல் உட்கார்ந்தார்கள். காற்றுகூட இல்லாத சாயங்காலம். ரெண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு, குரலே இல்லாமல், வெறும் உதட்டால் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது ரெண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். அந்தப் பேச்சுதான் அவர்களுக்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

கல்யாணம் ஆகி, சரிவுத் தெருவில் நாங்கள் இருந்த அதே மூன்று மாடி மரவீட்டின் கீழ்த்தளத்துக்கு வந்தார்கள். நான் மேல்மாடி. பிள்ளை இல்லை அவர்களுக்கு. வருஷங்கள் ஓடின. அக்காவுக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, ஒருநாள் பார்த்தால் சுத்தமாகப் போயிருந்தது. அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. "எவன் வாயைப் பாத்தாலும் எனக்குத் தெரியும்டி, காது எதுக்கு? குளிருக்குத் தொப்பி மாட்டவா?" என்பாள்.

குரல்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் ரகசியம் பேசினால் மேல்மாடியில் எனக்குக் கேட்கும். கோவிலில் பாவத்தைச் சொல்ல பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் அவள் முழங்கால் போட்டால் வெளியே வரிசையில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வார்கள். இருட்டில் சாமியார் வாய் தெரியாது. அவர் என்ன பரிகாரம் கொடுத்தாலும் இவள் தனக்குப் பிடித்த செபத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். மீசைக்காரர்களைக் கண்டால் ஆகாது. "பாதிப் பேச்சை மயிருக்குள்ள ஒளிச்சு வைக்கிறான், இவனை எப்படி நம்புறது?" மினோ அண்ணன் கல்யாணத்துக்கு முன் வைத்திருந்த அழகான மீசையை அவளுக்காகத்தான் எடுத்தார். அதன்பின் ஒருநாள்கூட முகம் மழிக்காமல் இருந்ததில்லை.

மில்லை மூடித் தறிகளைத் தெற்கே ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே கட்டடத்தின் ரெண்டாம் மாடியில் திரைச்சீலை தைக்கிற கம்பெனி வந்தது. அக்காவும் நானும் அங்கே மிஷினில் உட்கார்ந்தோம், நான் சில வருஷத்தில் நின்றுவிட்டேன். அண்ணன் கீழே சரக்குக் கட்டும் இடத்தில் பெட்டி தூக்கினார். மத்தியானம் ரெண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டியும் மிளகாய்த் தொத்திறைச்சியும் தின்றுகொண்டு, சத்தமில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். புதுசாகச் சேர்ந்த கம்போடியாப் பெண்கள் அவர்களை ஊமைத் தம்பதி என்று நினைத்துக்கொண்டு பரிதாபப்பட்டுப் பழம் கொடுப்பார்கள். இவர்களும் வாங்கித் தின்றுவிடுவார்கள்.

ஒரு பிப்ரவரி காலையில் பனி முழங்காலுக்கு மேல் விழுந்திருந்தது. அண்ணன் வாசலில் மண்வாரியால் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் தெரு செங்குத்தானது. ஒதுக்கினால் எல்லாம் கீழ்வீட்டுக்காரன் வாசலுக்குத்தான் போகும், அதற்கு ஒரு வழக்கமான ஏச்சு வரும். அன்றைக்கு ஏச்சும் வந்தது, பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பனிக்குள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தார், தூங்குகிற மாதிரி.

பக்கவாதம் என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. முகத்தின் வலது பக்கம் தொங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் கீழே இருந்தேன். கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தோம். அண்ணன் அக்காவைப் பார்த்து ஏதோ சொன்னார். நாக்கு தடித்துக் குழறியது. ஆனால் காது உள்ளவர்களுக்குக் கொஞ்சம் உன்னித்தால் புரியும்.

அக்கா அவர் வாயையே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "என்னடி சொல்றான்?"

"தண்ணி கேக்கறாருக்கா."

"தண்ணியா? எனக்கு அப்படித் தெரியலையே. இன்னொரு தரம் சொல்லச் சொல்லு."

அண்ணன் மறுபடி சொன்னார். இடது பக்க உதடு மட்டும் இழுத்துக்கொண்டு போனது. வலது பக்கம் அசையவே இல்லை. ஓரத்தில் எச்சில் இறங்கியது.

"இன்னொரு தரம்," என்றாள்.

அண்ணன் கத்தினார். கத்தினால் மட்டும் அவளுக்கு என்ன கேட்கப்போகிறது?

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு டம்ளரை நீட்டாமலே நின்றுகொண்டிருந்தாள்.

"ஒதேத், அது மினோ வாயே இல்லடி. யாரோ ஒருத்தனை அனுப்பி வச்சிருக்காங்க."

எழுதிக் காட்டலாமே என்று கேட்பீர்கள். ரெண்டு பேருக்கும் எழுத்து கையெழுத்தோடு சரி. அவருக்கு அந்தக் கையும் போய்விட்டது.

அப்புறம் நான்தான் நடுவில். மத்தியானமும் சாயங்காலமும் கீழே போவேன். அவர் சொல்வார், நான் கேட்பேன், அக்காவைப் பார்த்து உதட்டால் சொல்வேன். தலையணை, சன்னல், வெந்நீர், கால் குடைச்சல், இதெல்லாம் சரி. ஒருநாள் அண்ணன் அவளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "அவகிட்ட சொல்லு..." என்று தொடங்கினார். நிறுத்தினார். கண் நிறைந்துவிட்டது. "வேணாம். நீ போம்மா."

"என்ன சொன்னான்?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் சொல்லலக்கா."

"ஒண்ணும் சொல்லாமலா கண்ணு இப்படி ஆகும்?"

எனக்கு அந்த அறையில் இருக்கப் பிடிக்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

மார்ச் மாசக் கடைசியில் ஒரு மத்தியானம் கீழே அக்காவின் குரல் கேட்டு மேல்மாடிக் கண்ணாடியே அதிர்ந்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கீரை சூப் கிண்ணம். அக்கா ஒரு கையால் அண்ணனின் தலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலால் அவருடைய தொங்கிய கடைவாயை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒதேத்! உப்பு இல்லையாம்டி! என் சூப்பைக் குத்தம் சொல்றான்! தெரிஞ்சிருச்சு எனக்கு, குத்தம் சொல்றான்டி!"

வாயைத் துடைக்கப் போனவளின் விரல் கன்னத்தைத் தூக்கியபோது அவர் பேசியிருக்கிறார். உதடு கொஞ்சம் நேராகியிருக்கிறது. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"டாக்டர்தானே உப்பு கூடாதுன்னான்," என்றாள் அவரைப் பார்த்து, விரலை எடுக்காமல்.

"டாக்டரை... இந்த சூப்பைக்... குடிக்கச் சொல்லு," என்றார் அண்ணன்.

அவள் அதையும் படித்துவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை.

அந்த வசந்தம் முழுக்க அப்படித்தான் போனது. நான் மூன்றாம் ஆளாக இருக்க வேண்டியதில்லாமல் போயிற்று. அக்கா வேலைக்குத் திரும்பினாள், பகலில் அண்ணனுக்குச் சூப் கொடுத்துப் பார்த்துக்கொள்வது மட்டும் என் வேலை. சாயங்காலம் வந்ததும் முதல் காரியமாக அவர் முகத்தைத் துடைத்து, மழித்து, எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு கட்டைவிரலை வைப்பாள். "ம், சொல்லு." சண்டையும் திரும்பிவிட்டது. தனக்குப் பிடிக்காததை அவர் சொல்லத் தொடங்கினால் கையை எடுத்துவிடுவாள். "பேச்சு முடிஞ்சது. ஒலகத்துல எந்தப் பொண்டாட்டிக்குக் கெடைச்சதுடி இந்த வசதி?" என்று என்னிடம் கண்ணடிப்பாள். அண்ணன் இடது கையால் அவள் முந்தானை மாதிரித் தொங்குகிற அடுப்படித் துணியைப் பிடித்து இழுப்பார். கம்பெனியிலிருந்து திரும்புகிற வழியில் அவளுக்கு நடை முன்னைவிட வேகமாக இருந்தது. கடைக்குப் போய்விட்டு வழியில் அவளோடு சேர்ந்துகொண்டால் நான் மூச்சு வாங்கிக்கொண்டுதான் பின்னால் ஏறுவேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க மிஸ் டோலன் என்று ஒரு பெண் வாரம் ஒருமுறை வந்தாள். அக்கா தூக்கிப் பிடிப்பதைப் பார்த்து, "நல்லதுதான், ஆனா அவர் சதை தானா அசையணும்" என்று ஒரு சின்னக் கைக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணன் அதை ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்துவிட்டார். தன் முகத்தைப் பார்க்க அவருக்கு ஆசை இல்லை.

தூய ஆவித் திருநாள் வந்தது. கோவில் வளாகத்தில் நீள மேசைகள் போட்டு, ரொட்டியின் மேல் புதினா போட்டு, மாட்டிறைச்சிக் குழம்பை ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் நன்றாக அடித்தது. வாத்தியக்காரர்கள் சட்டை நனைய ஊதிக்கொண்டிருந்தார்கள். நோய் வந்தபின் அண்ணன் முதல்முறையாக வெளியே வந்த நாள். வெள்ளைச் சட்டை, ஊன்றுகோல். பழைய ஃபிட்டர்கள், சாயப்பட்டறை ஆட்கள் எல்லாம் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

செஃபெரீனோ என்று ஒருவன். அண்ணனோடு வேலை பார்த்தவன். கெட்டவன் இல்லை, வாய் மட்டும் சும்மா இராது. "என்ன மினோ, தறியெல்லாம் போயிருச்சு, நீ மட்டும் இன்னும் ஓடிக்கிட்டிருக்கே?" என்றான். அண்ணன் ஏதோ பதில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் ஒரு பக்கமாகச் சிரித்தார். அந்த நிமிஷம் அவர் பழைய ஆள் மாதிரியே இருந்தார்.

அக்கா எதிரே உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் சிரிக்கிறார்கள், இவளுக்கு மட்டும் தெரியவில்லை. "என்ன சொன்னே? எனக்கும் சொல்லு," என்று தன் பெரிய குரலில் கேட்டுக்கொண்டே மேசைக்கு மேலே கை நீட்டி அவர் கடைவாயைத் தூக்கினாள். அவளுக்கு அது வீட்டில் செய்கிற காரியம். கை தானாகப் போய்விட்டது.

வாத்தியமும் அப்போதுதானா நிற்க வேண்டும்?

"அட, இங்க பாருங்கய்யா, இவ கயிறு இழுத்தாத்தான் நம்ம மினோ பேசுவான் போல!" என்றான் செஃபெரீனோ. பொம்மைக்காரன் மாதிரி விரலை ஆட்டிக் காட்டினான். சிரித்தார்கள். நானும்கூடச் சிரித்திருப்பேன், அண்ணன் முகத்தைப் பார்த்திருக்காவிட்டால்.

அவர் இடது கையால் அவள் கையை ஓங்கித் தட்டிவிட்டார். புறங்கை கிண்ணத்தில் பட்டுச் சூடான குழம்பு அவள் மடியெல்லாம் கொட்டியது. அக்கா எழுந்து, துணியை உதறி, அவர் ஊன்றுகோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "வா, போலாம்," என்றாள். சரிவில் அவர் தோளைத் தாங்கித்தான் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் அவள் அவர் முகத்தைத் தொடவில்லை. சோறு கொடுத்தாள், குளிப்பாட்டினாள், கால் அமுக்கினாள். மழிப்பதற்குத் தெருமுனை முடிதிருத்துகிறவரை வரச்சொன்னாள். முக்காலி அடுப்படிக்குப் போய்விட்டது. மேல்மாடியில் எனக்கு அவள் குரல் கேட்கவே இல்லை. அந்தக் கோடை முழுக்க வீடு காலியாக இருக்கிற மாதிரி இருந்தது.

துணி காயப்போடுகிற இடத்தில் ஒருநாள் பிடித்து நிறுத்திச் சொன்னேன். "அக்கா, அவர் வேணும்னு பண்ணலக்கா."

"தெரியும்."

"அத்தனை பேர் நடுவுல..."

"அதுவும் தெரியும். நான்தான் அவனைப் பொம்மை ஆக்கினேன். எனக்கு அவன்மேல கோவமே இல்லடி." ஈரப் படுக்கைவிரிப்பை உதறிக் கொடியில் போட்டாள். "ஆனா என் கை பட்டா அவனுக்கு வெக்கமா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சபெறகு எப்படித் தொடுவேன்? தொடாம எப்படிக் கேப்பேன்? நீயே சொல்லு."

விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பரில் கொல்லைத் திராட்சைப் பந்தல் காய்த்துக் கறுத்தது. அண்ணன் பகலெல்லாம் அதன் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சூப் கொண்டுபோனபோது ஒருநாள் பார்த்தேன். இடது கையில் மிஸ் டோலனின் கண்ணாடி. அதைப் பார்த்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "மன்னிச்சிரு." உதடு ரெண்டும் ஒட்டினால்தான் அந்தச் சொல் தொடங்கும். அவருக்கு இடது பக்கம் ஒட்டியது. வலது பக்கத்தில் காற்று புஸ்ஸென்று போய்விட்டது. மறுபடி ஒட்டிப் பார்த்தார்.

என்னைப் பார்த்ததும் கண்ணாடியைத் தொடையின் கீழே செருகினார்.

"அண்ணே, நான் சொல்லிர்றேன் அக்காகிட்ட. இன்னைக்கே."

"சொல்லாத."

"ஏன்ணே? அவ காத்துக்கிட்டுக் கெடக்கா."

"அடிச்சது நான்." நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது. "ஊர் முன்னால அடிச்சேன். நீ போய்ச் சொன்னா... அது தபால். நானாச் சொல்லணும். அவளுக்குப் படிக்கிற மாதிரி."

"அப்ப அவளையே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்களேன்."

"அவ தூக்கிப் பிடிச்சு நான் சொன்னா, அவளா எடுத்துக்கிட்ட மாதிரி. நான் குடுக்கணும் ஒதேத்." மூச்சு வாங்கினார். "வருது. கொஞ்சம் வருது. நேராகட்டும்."

உண்மையிலேயே கொஞ்சம் வந்தது. மிஸ் டோலனும் சொன்னாள், உதட்டோரம் அசைகிறது என்று. நான் வாயை மூடிக்கொண்டேன். அக்காவிடம் மட்டும், "திராட்சை பறிக்கிறப்போ அண்ணன்கூடக் கொஞ்சம் உக்காருங்கக்கா" என்றேன். "ஞாயித்துக்கிழமை பறிக்கலாம்," என்றாள்.

அந்த ஞாயிறு வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சூப்போடு போனேன். பந்தலின் கீழே சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். உதிர்ந்த பழங்களில் குளவிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஒன்று அவர் கையின் மேல் ஊர்ந்துபோனது. கை அசையவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியை அவர் அருகே நிற்கவைத்துவிட்டு மில்லுக்கு நடந்தேன். கீழே போகிற சரிவில் கால்கள் தாமாக ஓடின. ரெண்டாம் மாடிக் கதவைத் திறந்தால் தையல் மிஷின்களின் இரைச்சல். வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள், மேலே வெள்ளைத் திரைச்சீலைகள் மலைமலையாக. அக்கா கடைசி வரிசையில் ஜன்னலோரம். எப்படித் தெரிந்ததோ, நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுச் சொல்லலாம் என்றுதான் வந்திருந்தேன். முடியவில்லை. அவள் கண் என் வாயில் இருந்தது. அங்கேயே கதவோரம் நின்று, குரலில்லாமல் சொன்னேன். "அண்ணன் போயிட்டார்க்கா."

அவ்வளவு பேர் இருந்த அந்த அறையில் அது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. மற்றவர்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். ஊசியின் கீழே கிடந்த துணியை வெளியே எடுத்து மடித்து வைத்தாள். பிறகு அவளும் உதட்டால் கேட்டாள்: "தனியாவா?"

"ஆமாக்கா."

எழுந்து வந்தாள். சரிவில் ஏறும்போது ஒருதரம் நின்றாள். மூச்சுக்காக என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் குரல் எவ்வளவு பெரிசு என்று அவளுக்கே தெரியும்.

சவ அடக்கம் செய்கிறவரின் கூடத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். ஊரே வந்தது. செஃபெரீனோ வந்து தொப்பியைக் கசக்கிக்கொண்டு ஓரமாக நின்று அழுதான். அக்கா அவன் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். செபமாலை முடிந்தது. மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்க்க அவளை விட்டார்கள். நான் பெட்டியின் மறுபக்கம் நின்றேன்.

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். பிணத்தை அலங்கரித்த அந்தத் தொழில்காரர் தன் வேலையை நன்றாகத்தான் செய்திருந்தார். தொங்கிய கன்னத்தை ஏற்றி, கடைவாயைச் சரிசெய்து, உதடு ரெண்டையும் ஓரம் முதல் ஓரம் வரை பொருத்தி வைத்திருந்தார். பனியில் விழுவதற்கு முந்தின நாள் இருந்த முகம்.

"ஒதேத், நேராயிருச்சு பாரு," என்றாள். அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. "மினோ வாய் நேராயிருச்சுடி."

யாரோ விம்மினார்கள். அவளுக்கு அது தெரியவில்லை. அவர் முகத்துக்கு இன்னும் கிட்டப் போனாள். "சொல்லு மினோ. இப்ப எனக்குத் தெரியும். சொல்லு."

என்னால் தாங்க முடியவில்லை. அவர் சொல்லாதே என்றதெல்லாம் இனி யாருக்காக? அவள் கையைத் தொட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். தறிக்கூடத்தில் சொல்கிற மாதிரியே, குரலில்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "மன்னிச்சிருன்னு சொல்ல நெனச்சாருக்கா. கண்ணாடியைப் பாத்துப் பழகினார். உங்ககிட்ட அவராச் சொல்லணும்னு. தெனமும் பழகினார்."

அவள் என் உதட்டைக் கடைசிச் சொல்வரை படித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"அது உன் வாய் ஒதேத்," என்றாள்.

திரும்பிக்கொண்டாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, அவர் வாய்க்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கதவருகே நின்ற தொழில்காரர் மெதுவாக இருமினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் இருமினார். வெளியே வண்டியைக் கிளப்பி வைத்துவிட்டார்கள். சாமியார் புத்தகத்தைத் திறந்து, மறுபடி மூடினார். எழுந்து போய் அவள் தோளைத் தொட எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை.